பேய் மறைந்தால் டிவியைத் தட்டாதீர்கள்

போன இதழில், பழைய குழாய் டிவியை எடைக்குப் போடலாமா என்று கேட்டவருக்குப் பதில் எழுதும்போது, "பேக்-மேன் ஆட அதைவிட நல்ல டிவி கிடையாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்தது வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்-மேன்தான்; நான்கு பேயிடம் சிக்காமல் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும் மஞ்சள் உருண்டை, அதே ஆட்டம். வேலூர் லாங்கு பஜார் பக்கத்துச் சந்தில் முப்பத்தைந்து வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவனிடம் இதைக் கேட்கவும் ஆள் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது, மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த, டிவியில் மாட்டி ஆடும் அட்டாரி 2600 பெட்டி கிடைத்தது. பேக்-மேன் கேசட் இன்னும் ஓடுகிறது. ஆனால் நான்கு பேயும் விட்டு விட்டு மினுக்குகின்றன. கோளாறு டிவியிலா, பெட்டியிலா? சரிசெய்ய எவ்வளவு ஆகும்? (குடியாத்தம் வாசகர்)

ஒரு பைசா ஆகாது. பெட்டியும் நன்றாக இருக்கிறது, டிவியும் நன்றாக இருக்கிறது. அந்தக் கேசட் பிறந்ததே அப்படித்தான்.

இது எனக்குத் தெரியவர அறுபது ரூபாய் செலவானது. அதுவும் என் காசு இல்லை. 1991-ல் சைதாப்பேட்டையிலிருந்து ஒருவர் இதே பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இன்னாப்பா, பேய் வுட்டு வுட்டுத் தெரியுது" என்றார். அடாப்டரை மாற்றினேன். ஃபில்டர் கண்டென்ஸரை மாற்றினேன். டிவிக்கு சிக்னல் அனுப்பும் மாடுலேட்டர் டப்பாவைத் திறந்து, எல்லா முனைக்கும் புதிதாக ஈயம் வைத்தேன். இரண்டு நாள் வேலை. பேய் அப்படியேதான் மினுக்கியது. "இப்ப பரவாயில்லையே" என்று கொடுத்தேன். "ஆமா, பரவாயில்ல" என்று அவரும் வாங்கிக்கொண்டு போனார். அந்த அறுபது ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

விஷயம் இதுதான். அட்டாரி 2600 வந்தது 1977-ல். வரைந்த படத்தை வைத்துக்கொள்ள அதற்குள் இடமே இல்லை. ரேம் மொத்தம் 128 பைட். கேபி இல்லை, வெறும் பைட். உங்கள் கேள்வியைக்கூட அதில் முழுதாக எழுதிவைக்க முடியாது. டிவிக் குழாயில் எலக்ட்ரான் கதிர் மேலிருந்து கீழே கோடு கோடாக ஓடுகிறது இல்லையா? அந்தக் கதிர் ஒவ்வொரு கோட்டையும் கடக்கும்போது ப்ரோகிராமும் கூடவே ஓடி, இங்கே நீலம், இங்கே மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு கோட்டுக்கு ப்ராசஸருக்குக் கிடைக்கும் நேரம் 76 சைக்கிள். இருபது, இருபத்தைந்து கட்டளை போடுவதற்குள் கதிர் அடுத்த கோட்டுக்குப் போய்விடும். கல்யாணப் பந்தியில் சோறு போடுகிறவன் பின்னாலேயே சாம்பார் வாளியோடு ஓடுகிறவன் கதிதான்.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது பந்தாட்டமும் டாங்கிச் சண்டையும். ஆகவே நகரும் உருவமாக சிப்பில் கொடுத்தது ஆட்டக்காரர் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று. தீர்ந்தது. பேக்-மேனுக்கோ அவன் ஒருவன், பேய் நான்கு. டாட் ஃப்ரை என்ற ப்ரோகிராமர் நான்கு பேயையும் முறைவைத்துக் காட்டினார். டிவி ஒரு முறை முழுத் திரையையும் வரைவது ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமில் ஒரு பேய், அடுத்த ஃபிரேமில் அடுத்த பேய். ஒரே வாடகை சைக்கிளை நான்கு பையன்கள் ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டுவதுபோல. துபாய்ப் பெட்டி, நம் ஊர் டிவி போலப் பால் (PAL) முறை என்றால் விநாடிக்கு 50 ஃபிரேம். ஒரு பேய் விநாடிக்குப் பன்னிரண்டு தரம்தான் முகம் காட்ட முடியும். அதைத்தான் நீங்கள் கோளாறு என்கிறீர்கள்.

அதற்காக அந்தக் கேசட்டை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. காசு போட்டு ஆடும் ஒரிஜினல் மிஷினில் பக்கவாட்டில் இருக்கும் சுரங்க வழி இதில் மேலும் கீழும் போய்விட்டது. செர்ரி, ஸ்ட்ராபெரி எல்லாம் போய் ஒரு சதுரக் கட்டி வருகிறது. அதற்கு வைட்டமின் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே போனாலும் கீழே போனாலும் பேக்-மேன் பக்கவாட்டில்தான் பார்க்கிறான், கழுத்து பிடித்துக்கொண்டவன் மாதிரி. 1982 மார்ச்சில் வந்து 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் பலர் திட்டினார்கள். அடுத்த வருஷமே அதே பெட்டிக்கு மிஸ் பேக்-மேன் வந்தது. முதல் கேசட் 4 கேபி, இது 8 கேபி. மினுக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது, பழங்கள் திரும்பி வந்தன. சரி, கேபி கூடியதால் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பல வருஷம் கழித்து ஒரு ஹாபி ப்ரோகிராமர் அதே 4 கேபிக்குள் ஒரிஜினலுக்கு எவ்வளவோ நெருக்கமாக ஒன்றை எழுதிக் காட்டினார். எல்லாப் பழியையும் பெட்டி மேல் போட முடியாது.

ஒன்று சொல்கிறேன். இதைப் புது எல்சிடி டிவியில் மாட்டாதீர்கள். சில செட்டுகள் இந்தப் பழைய சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஃபிரேமைக் கலந்துவிடும். மினுக்குகிற பேய் அதில் காணாமலே போகலாம். கண்ணுக்குத் தெரியாத பேயோடு ஆட வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பா சின்ன வயதில் டிவி கேமில் ஆடிய பேக்-மேனும், என் போனில் எமுலேட்டரில் ஓடும் பேக்-மேனும் வேறு வேறாக இருக்கின்றன. போனில் மேஸ் (ஓடும் சந்துகளின் கட்டம்) உயரமாக இருக்கிறது, வேகமும் அதிகம். தன்னுடையதுதான் ஒரிஜினல் என்கிறார் அப்பா. பந்தயம் கட்டியிருக்கிறோம். (ஆற்காடு, கல்லூரி மாணவர்)

ஜெயித்தது நீங்கள். ஆனால் அப்பாவிடம் பணம் வாங்காதீர்கள். அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

ஒரிஜினல் என்பது ஜப்பானில் நாம்கோ கம்பெனி 1980-ல் இறக்கிய காசு போட்டு ஆடும் மிஷின். தோரு இவாதானி வடிவமைத்தது. அதை நான் முதலில் பார்த்தது பின்பக்கமாக. 1987 கோடையில் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். தகர ஷெட்டில் மூன்று மிஷின். அதில் ஒன்று திடீரென்று படம் போய் ஒரே ஒரு வெளிச்சக் கோடு மட்டும் நின்றுவிட்டது. ஸ்டால்காரர் ஒரு பையனை விட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பிக்சர் டியூப் படுத்துக் கிடக்கிறது. நம் வீட்டு டிவியில் குழாய் அகலவாக்கில் இருக்கும். இதில் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, படம் உயரவாக்கில் வரும்படி செய்திருக்கிறார்கள். எவனோ தப்பாக மாட்டியிருக்கிறான் என்று முடிவு செய்து, கழற்றி நேராக வைக்கப் போனேன். ஸ்டால்காரர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை. சர்க்கியூட்டில் ஒரு இடத்தில் ஈயம் விட்டுப்போயிருந்தது, அதை வைத்ததும் படம் வந்தது. கூலியாகக் காசு தராமல் பதினைந்து டோக்கன் கொடுத்தார். பதினைந்தையும் அன்று இரவே ஆடித் தீர்த்தேன்.

அந்த மிஷினின் படம் அகலம் 224 புள்ளி, உயரம் 288. மேஸ் மட்டுமே 248 புள்ளி உயரம். அதற்கு மேலே ஸ்கோர், கீழே மிச்ச உயிர். இதைக் கொண்டுபோய் வீட்டு டிவியில் வைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? வீட்டுக்காரர்களிடம் டிவியைப் படுக்கப் போடச் சொல்ல முடியாது.

அப்பா ஆடிய டிவி கேம், ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம் பெட்டியின் நகல். 1990களில் பர்மா பஜாரிலிருந்து நம் ஊர் வரைக்கும் எத்தனையோ பெயரில் வந்தது. அதில் செருகிய "99999 இன் 1" கேசட்டில் இருந்த பேக்-மேனை எழுதியது வேறு யாரும் இல்லை, நாம்கோவேதான். ஃபேமிகாமுக்கு 1984 நவம்பரில் போட்டது. ப்ரோகிராம் 16 கேபி, படம் 8 கேபி, மொத்தம் 24 கேபி. ஃபேமிகாமின் படம் 256 அகலம், 240 உயரம். மேஸுக்கே 248 வேண்டும் என்றேனே, எட்டு புள்ளி உதைக்கிறது. டிவி வேறு மேலும் கீழும் கொஞ்சம் முழுங்கும். அதனால் மேஸையே சின்னதாக்கி, ஸ்கோர், உயிர், பழம் எல்லாவற்றையும் தூக்கி வலது ஓரத்தில் வைத்துவிட்டார்கள். மூன்று ரூம் வீட்டுச் சாமானை இரண்டு ரூமில் அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் நடக்க வழி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். அட்டாரியோடு ஒப்பிட்டால் மினுக்கலும் இல்லை: இந்தச் சிப் மொத்தம் 64 சின்ன உருவம் போடும், ஒரே கோட்டில் எட்டு வரை தாங்கும்.

அடுத்து வேகம். ஜப்பானில் டிவிக்கு விநாடிக்கு 60 ஃபிரேம். நம் ஊரில் 50. இங்கே வந்த நகல் பெட்டிகள் நம் டிவிக்கு ஏற்றபடி 50-ல் ஓடின. ஆட்டம் ஃபிரேம் கணக்கில் நகர்வதால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிட்டது, தொடக்கப் பாட்டு உட்பட. அப்பா காதில் இருக்கும் பாட்டு கொஞ்சம் இழுவையான பாட்டு. உங்கள் போனில் அது அவசரமாகத்தான் கேட்கும்.

உங்கள் போனில் இருப்பது கன்வர்ஷனே கிடையாது. 1997-ல் நிகோலா சால்மோரியா என்ற இத்தாலிக்காரர் மேம் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான் இதுவும். மிஷினின் பழைய ப்ரோகிராமை அப்படியே எடுத்து ஓட்டுகிறது. கன்வர்ஷன் என்றால் கையில் இருக்கும் துணியில் அதே மாதிரி சட்டை தைப்பது. எமுலேட்டர் என்றால் பழைய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொள்வது. போனை நிற்கவைத்துப் பிடித்துத்தானே ஆடுகிறீர்கள்? அந்தப் படுத்துக் கிடந்த குழாய்தான் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: ஒரிஜினல் மிஷினில் பேயே பிடிக்காத ஒரு வழியை வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டுக் கேசட்டில் அதே வழியில் போனால் பத்து விநாடியில் செத்துப்போகிறேன். ஏன்? (ராணிப்பேட்டை, பத்தாம் வகுப்பு)

தம்பி, மனப்பாடம் செய்தது சரி, பரீட்சை ஹால் மாறிப்போய்விட்டது.

அந்த நான்கு பேயும் கண்டபடி ஓடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சிவப்புப் பேய் நேராக உன் பின்னாலேயே வரும். ரோஸ் பேய் உன்னைத் துரத்தாது. நீ போகும் திசையில் நான்கு கட்டம் தாண்டிப் போய் மறிக்கப் பார்க்கும். திருடன் போலீஸ் ஆட்டத்தில் பின்னால் ஓடாமல் அடுத்த சந்து வழியாக முன்னால் வந்து நிற்கிற பையன் இருப்பான் பார், அவன்தான். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை வீராப்பாக வரும், கிட்டே வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். வெளிர்நீலப் பேய்தான் கெட்டிக்காரன். உனக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி, சிவப்புப் பேய் நிற்கிற இடம், இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்து, அந்தக் கோட்டை இன்னொரு மடங்கு நீட்டி, அது முடிகிற இடத்துக்குக் குறிவைக்கும். அதனால் சிவப்பு உன்னை நெருங்க நெருங்க நீலமும் நெருங்கும். முதல் லெவலில் ஏழு விநாடி எல்லாம் தத்தம் மூலைக்குப் போகும், அப்புறம் இருபது விநாடி துரத்தும், மறுபடி ஏழு.

இதில் அதிர்ஷ்டம் என்று எதுவும் இல்லை. பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் எல்லாமே பயந்து கருநீலமாகி ஓடும்போது மட்டும் கண்டபடி திரும்பும். அந்தக் கண்டபடிகூட ஒவ்வொரு உயிர் தொடங்கும்போதும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கும். அதனால் நீ அதே நேரத்தில் அதே திருப்பம் திரும்பினால் பேயும் அதே இடத்துக்குத்தான் வரும். ஆனால் உன் வீட்டுக் கேசட்டில் மேஸ் சின்னது, வேகம் வேறு. ஒரு முக்கில் அரைக் கட்டம் முன்பின் ஆனாலும் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும்.

கன்வர்ஷன் நல்லதா கெட்டதா என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் படத்தைப் பார்ப்பதில்லை. ரோஸ் பேயைத்தான் பார்ப்பேன். தப்பித்துவிட்டோம் என்று ஒரு முக்கில் திரும்பும்போது அது எதிரே நின்றால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. ஃபேமிகாம் கேசட்டில் எனக்கு அந்தத் திடுக்கிடல் கிடைத்தது. அட்டாரியில் எது எந்தப் பேய் என்று அடையாளம் தெரிந்தால்தானே!

உனக்கு ஒரு யோசனை. வீடியோவை விட்டுவிடு. உன் கேசட்டில் சிவப்பு எங்கே திரும்புகிறது என்று ஒரு நோட்டில் மேஸ் வரைந்து குறித்துப் பார். உனக்கான வழியை நீயே கண்டுபிடிக்கலாம். பரீட்சை முடிந்த பிறகு.

கேள்வி: 1990 வாக்கில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனி ஆபீசில், மதியம் சாப்பிட்டதும் கம்ப்யூட்டரில் இந்த ஆட்டம் ஆடுவோம். எல்லாமே ரோஸும் வெளிர்நீலமுமாக இருக்கும். பிறகு புது மிஷின் வந்தது. அதே ஃப்ளாப்பியைப் போட்டால் ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது! இரண்டுக்கும் காரணம் என்ன? (வாணியம்பாடி வாசகி)

அம்மா, கேள்வியிலேயே அந்தக் காலத்து பிசி முழுக்க வந்துவிட்டது.

நிறத்துக்குக் காரணம் சிஜிஏ கார்டு, அதாவது பிசியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் பலகை. 320-க்கு 200 புள்ளிகளில் படம் காட்டினால், ஒரு நேரத்தில் நான்கு நிறம்தான். கிடைக்கும் தொகுப்புகளில் அதிகம் அடிபட்டது கருப்பு, வெள்ளை, வெளிர்நீலம், ரோஸ். இன்னொன்று பச்சை, சிவப்பு, பழுப்பு வகை. நான்கு பேய்க்கு நான்கு நிறம், பேக்-மேனுக்கு மஞ்சள், சுவருக்கு நீலம் என்று வேண்டும்போது கையில் நாலே நாலு சாயம். சாயப்பட்டறை இருக்கிற ஊர்ப்பக்கத்துக்காரர் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா!

வேகத்தின் கதை வேறு. முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்து ப்ரோகிராமர்கள் பலர் கடிகாரத்தைப் பார்க்காமல், ப்ராசஸர் ஓடும் வேகத்தையே நம்பி ஆட்டத்தை எழுதிவிட்டார்கள். 286, 386 என்ற வேகமான ப்ராசஸர்கள் வந்ததும் பேயும் சேர்ந்து பறந்தது. அப்போது பல பிசிகளின் முன்பக்கத்தில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கும், நினைவிருக்கிறதா? அதை அமுக்கி மிஷினை மெதுவாக்கலாம். யாராவது சொல்லியிருந்தால் உங்கள் மதிய ஆட்டம் தப்பியிருக்கும். பிசியில் ஓடியது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: 1983-ல் அட்டாரிசாஃப்ட் போட்ட முறையான பேக்-மேன், அல்லது 1982-ல் வந்த பிசி-மேன். பிசி-மேனை எழுதிய கிரெக் குப்பர்பெர்க்தான் பாராட்ரூப்பரையும் எழுதினார். பாராசூட்டில் இறங்குகிறவர்களைச் சுடும் அந்த ஆட்டம் உங்கள் ஆபீஸிலும் கட்டாயம் இருந்திருக்கும்.

கேள்வி: 80களில் எங்கள் பள்ளிக்கு அரசுத் திட்டத்தில் பிபிசி கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஸ்னாப்பர் என்று ஒரு ஆட்டம். பேக்-மேன் மாதிரியே இருக்கும். அது திருட்டா? (சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வணக்கம் சார். 1984-85-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்து மிஷின் அது. பள்ளிகளில் பாதி நேரம் பூட்டிய ரூமில் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். பேக்-மேன் ஆடும் அளவுக்கு உங்கள் பள்ளியில் அதைத் திறந்து வைத்திருந்தார்களே, அதுவே பெரிய விஷயம்.

ஸ்னாப்பர், பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் கம்பெனியின் சொந்த வெளியீடு, 1982. முதலில் வந்தது பேக்-மேனை அச்சாக உரித்துவைத்தது. வம்பு வரும் என்று திரும்பப் பெற்றுக்கொண்டு உருவங்களை மாற்றிப் போட்டார்கள். மஞ்சள் உருண்டைக்குத் தலையில் தொப்பி முளைத்தது. உங்கள் பள்ளியில் இருந்தவனுக்குத் தொப்பி இருந்ததா?

பயந்ததற்குக் காரணம் உண்டு. ஃபிலிப்ஸ் 1981-ல் கே.சி. மன்ச்கின் என்று ஒன்று போட்டது. அதில் புள்ளிகள் பன்னிரண்டுதான், அவையும் ஓடிக்கொண்டே இருக்கும்; என்னைக் கேட்டால் நல்ல யோசனை. பேக்-மேனை வீட்டு டிவிக்குப் போடும் உரிமையை வாங்கியிருந்த அட்டாரி வழக்குப் போட்டது. 1982-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், மேஸில் துரத்தும் ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்த வாயும் பேயும் மிகவும் ஒத்துப்போகின்றன என்று அட்டாரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதாவது ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம், முகத்தை எடுக்கக் கூடாது.

இதில் எனக்கு ஒரு வருத்தம். காசு கொடுத்து உரிமை வாங்கிய அட்டாரி கேசட்டைவிட, உரிமை இல்லாமல் வந்த சிலவற்றில் ஆட்டம் நன்றாக இருந்தது.

கேள்வி: கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து ஊதிப் போடுவோம். இப்போதும் அப்படிச் செய்யலாமா? (காட்பாடி வாசகர்)

கூடாது. அப்போதும் ஊதியதால் சரியானதில்லை, கழற்றி மறுபடி செருகியதால் சரியானது. வாயில் இருக்கும் ஈரம் பட்டுத்தான் பின்கள் பச்சை பூத்துப்போகின்றன. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பின்களை மெதுவாகத் தேயுங்கள். துகளைத் தட்டிவிட்டு, மெல்லிய துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பேனா மை அழிக்கிற நீல முனை ரப்பரைத் தப்பித்தவறியும் போடாதீர்கள், பின் மேல் இருக்கும் பூச்சே கழன்று வந்துவிடும்.